ஒப்பந்தக் கூலிப் பாத்திரங்களை வைத்து ஆடும்போது, ஆடுபவரின் முடிவுக்கு எங்கே இடம்?

உம்லோட்டிக்கரை (சாட்ஸ்வொர்த், டர்பன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய உணவுக்குப் பிறகு எங்கள் அத்தை வீட்டில் கூடி ஆடும் பாத்திரமேற்பு ஆட்டத்தை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுத்துப் பகடை உருட்டும் ஆட்டம்) நான் நடத்தி வருகிறேன். ஆடுபவர்கள் நால்வரும் உறவுக்காரர்கள். குகைகளையும் டிராகன்களையும் ஆடிச் சலித்த பிறகு, நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த கதையையே ஆடிப் பார்க்கலாம் என்று அவர்கள்தாம் கேட்டார்கள். ஆகவே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் விதிகளிலிருந்து மந்திரத்தை முழுவதும் நீக்கிவிட்டு, டர்பனுக்கு வடக்கே வெருலத்துக்கும் டொங்காட்டுக்கும் நடுவே இருப்பதாக நான் கற்பனை செய்துகொண்ட ஒரு கரும்புத் தோட்டத்தில், 1875ஆம் ஆண்டில், ஆட்டத்தைத் தொடங்கினேன். 1866இல் நின்றுபோன ஒப்பந்தக் கூலி ஆட்சேர்ப்பு 1874இல் மீண்டும் தொடங்கியதால், புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கியவர்களும், 1860இல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ‘ட்ரூரோ’ கப்பல் வந்த காலத்திலேயே வந்து ஒப்பந்தம் முடித்துக் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தவர்களும் ஒரே பாதையில் எதிரெதிரே நடந்த காலம் அது என்பதால் அந்த ஆண்டைத் தேர்ந்தேன்.

நான்கு பாத்திரங்கள். ஒருவர் வட ஆர்க்காட்டில் அடமானத்தில் கிடக்கும் நிலத்தை மீட்கப் பணம் சேர்க்க வந்தவர். ஒரு பெண், துறைமுகத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்பியபோது வேறு தோட்டத்துக்குப் போய்விட்ட தன் தங்கையைத் தேடுகிறாள். மூன்றாமவர் தோட்டத்துச் சர்தார். நம் ஆளாக இருந்துகொண்டே நம் ஆட்களை விரட்டி வேலை வாங்குபவர். நான்காவது பாத்திரத்தை ஆடும் என் சித்தப்பா மகன், பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளில் குறிக்கோள் என்ற இடத்தில் எதையும் எழுதாமல் விட்டுவிட்டான். கேட்டால், “இவன் எதையும் விரும்பவில்லை, தப்பித்து வந்தவன்” என்கிறான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். தங்கையைத் தேடும் பெண்ணுக்கு மூன்று வழிகள் இருப்பதாக மேசையில் பேசிக்கொண்டோம். சர்தார் வழியாக மேற்பார்வையாளரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிப் பகலில் போகலாம். இரவில் ஆற்றுப் படுகையைப் பிடித்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் மொஹரம் விடுமுறை வரும் வரையில் காத்திருக்கலாம். அவள் ஆற்றைத் தேர்ந்தாள். ஒரு காவலர் எதிர்ப்பட்டார், பிடிபட்டாள், அடுத்த நாள் நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டாள். நீதிமன்றக் காட்சி மிகச் சிறப்பாக அமைந்தது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பாத்திரத்தை ஆடும் பெண், என் குறிப்பேட்டைப் பின்னர் புரட்டிப் பார்த்துவிட்டாள். அவள் எந்த வழியில் போனாலும் அந்தக் காவலர் எதிரே வருவார் என்று அதில் எழுதியிருந்தது. “அப்படியானால் என்னை எதற்காகக் கேட்டீர்கள், அண்ணா?” என்றாள். அதன் பிறகு அவள் தானாக எதையும் செய்ய முன்வரவில்லை. பகடையை உருட்டச் சொன்னால் உருட்டுகிறாள், அவ்வளவுதான்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனவர்களைப் பிடித்து அடைத்தார்கள் என்பது நடந்த வரலாறு. முறையிடப் போவதற்கே முதலாளியின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில், நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போய்வரும் பாத்திரங்களை நான் காட்டினால் அது பொய்யாகிவிடும். வழியே இல்லாதவர்களின் கதையில் ஆடுபவருக்கு முடிவெடுக்கும் உரிமை என்று ஒன்றை எப்படிக் கொடுப்பது? அவரவர் எழுதிய குறிக்கோள்களை என்ன செய்வது? எதுவுமே எழுதாதவனை என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழம்பகடை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

தம்பி, உங்கள் ஆட்டத்தின் களம் அருமையானது, அதைக் கைவிட வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பாத்திரத்துக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பாத்திரத்தை ஆடுபவரின் முடிவுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது மிகக் குறைவாக இருக்கும்போதே இரண்டாவது முழுமையாக இருக்க முடியும். விலங்கு பூட்டிச் சிறையில் அடைக்கப்பட்ட பாத்திரத்தை ஆடுபவர், பக்கத்து அறையில் இருப்பவனைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது, அந்தத் தீர்மானத்தால் கதை வேறு பக்கம் திரும்புமானால், அவர் கையில் எல்லா உரிமையும் இருக்கிறது. குதிரையும் வாளும் பொன்மூட்டையும் வைத்துக்கொண்டு மூன்று ராஜ்யங்களைச் சுற்றி வரும் வீரர், எந்தத் திசையில் போனாலும் அதே பூதம் எதிரே நிற்குமென்றால், அவரை ஆடுபவருக்கு எந்த உரிமையும் இல்லை. இந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்குக் ‘குவாண்டம் பூதம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் காவலரும் அந்தப் பூதத்தின் இனம்தான், காக்கி மாட்டியிருக்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

காவலர் இருந்தது தவறில்லை. அவள் பிடிபட்டதும் தவறில்லை. எல்லாப் பாதையிலும் அவரே நின்றதுதான் அந்தப் பாத்திரத்தை ஆடும் பெண்ணின் கோபத்துக்குக் காரணம், அந்தக் கோபம் நியாயமானது. வரலாறு உங்கள் பக்கம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். உண்மையில் வரலாறு உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். சீட்டு வாங்கிப் போனவருக்கும், சீட்டில்லாமல் இரவில் போனவருக்கும், மொஹரத்தின்போது கூட்டத்தோடு கூட்டமாகப் போனவருக்கும் அந்தக் காலத்திலேயே ஒரே கதி நேரவில்லை. மொஹரம் ஊர்வலத்தில் இந்துக்களும் திரளாகக் கலந்துகொண்டு, பல தோட்டத்து ஆட்கள் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பாக அதைப் பயன்படுத்தினார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். அறிந்ததால்தானே அதை ஒரு வழியாக முன்வைத்தீர்கள்.

அந்தக் காட்சியை நான் நடத்தியிருந்தால் எப்படி நடத்தியிருப்பேன் என்று சொல்கிறேன். சீட்டுக்குப் போகிறாயா? சர்தாரிடம் கேட்க வேண்டும். கேட்டால் அவர் இல்லை என்று சொல்ல மாட்டார், ஆனால் நாளை அவர் ஒன்றைக் கேட்கும்போது நீயும் இல்லை என்று சொல்ல முடியாது. தவிர, உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பது மேற்பார்வையாளருக்கும் தெரிந்துவிடும். ஆற்றில் போகிறாயா? யாரிடமும் கடன்பட வேண்டாம், ஆனால் விடியும்முன் திரும்பி வந்து மணியடிக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிபட்டால் சிறை. மொஹரத்துக்குக் காத்திருக்கிறாயா? பத்திரமானது. ஆனால் அதற்கு நான்கு மாதம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் பரவியிருப்பதாக நேற்று வண்டிக்காரர் சொன்னதை நீயும் கேட்டாய். இவ்வளவையும் பகடை உருளும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு அவள் தேர்வது அவளுடைய முடிவு. மூன்றுமே தோற்கலாம், ஆனால் மூன்றும் மூன்று விதமாகத் தோற்க வேண்டும்.

ஜான் ஹார்ப்பர் 2017இல் வெளியிட்ட ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ ஆட்டத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார். ஒரு செயலைச் செய்யப்போவதாக ஆடுபவர் சொன்னதும், அது பாதுகாப்பான நிலையா, ஆபத்தான நிலையா, கழுத்துக்குக் கத்தி வந்த நிலையா என்பதையும், வென்றால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் ஆட்டத்தை நடத்துபவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு ஆடுபவர் பின்வாங்கலாம், வேறு வழியை யோசிக்கலாம். லூக் கிரேன் எழுதிய ‘பர்னிங் வீல்’ ஆட்டத்தில் இன்னொரு நல்ல விதி உண்டு: ஒருமுறை பகடை உருட்டிக் கிடைத்த முடிவு, சூழ்நிலை உண்மையிலேயே மாறும் வரையில் நிற்கும். ஆற்றைக் கடக்க ஒரு உருட்டு, கரையேற ஒரு உருட்டு, வேலியைத் தாண்ட ஒரு உருட்டு என்று தோற்கும் வரையில் உருட்டச் சொல்லிக்கொண்டே இருக்க அது இடம் கொடுக்காது. பலரும் குறிப்பேட்டில் காவலரை எழுதிவைக்காமலேயே, இந்த ஓயாத உருட்டலின் மூலம் அதே காரியத்தைச் சாதித்துக்கொள்கிறார்கள்.

வெற்றுப்பலகை (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

பழம்பகடை ஐயா முடிவின் மதிப்பைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. குறிக்கோள்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அந்த இடத்தில் நான் நுழைகிறேன்.

குறிக்கோளை எழுதாமல் விட்ட அந்தப் பையனை விட்டுவிடுங்கள். அவன்தான் உங்கள் மேசையில் சரியாகத் தொடங்கியிருப்பவன் என்று நான் நினைக்கிறேன். 1974இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னிசனும் இந்த ஆட்டத்தை முதன்முதலில் அச்சிட்டபோது, பாத்திரத்தின் உள்மன ஆசைகளை யாரும் எழுதிக்கொண்டு வரவில்லை. புதையலை எடுத்து வந்தால் ஒரு பொற்காசுக்கு, பாத்திரத்தை வளர்க்கும் ஒரு அனுபவப் புள்ளி, அதுவே குறிக்கோள். யார் எவர் என்பதெல்லாம் நாலைந்து அமர்வுகள் பிழைத்துக் கிடந்த பிறகு தானாகத் தெரிய வந்தது. இன்றைக்கு என்ன நடக்கிறதென்றால், ஆடுவதற்கு முன்பே மூன்று பக்கம் கதை எழுதிக்கொண்டு வந்து, அந்தக் கதையை நிறைவேற்றித் தரும் பொறுப்பை ஆட்டம் நடத்துபவரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவரும் அதைச் சுமந்துகொண்டு, எந்த அமர்வில் தங்கை, எந்த அமர்வில் அடமானம் என்று அட்டவணை போடுகிறார். குறிப்பேட்டில் காவலர் வந்து உட்கார்ந்ததற்கு அந்த அட்டவணையே காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

டர்பன் அடங்கிய அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றமான நேட்டாலுக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளத் தழும்பு, எந்த முதலாளிக்கு ஒதுக்கப்பட்டார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். ஏறக்குறைய நாம் பயன்படுத்தும் பாத்திரத் தாள்தான் அது. எதற்காகக் கப்பலேறினாய் என்ற கேள்விக்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது. உங்கள் சித்தப்பா மகன் அந்தப் பட்டியலில் உள்ளபடியே ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அவனிடம் ஆசை என்னவென்று திரும்பத் திரும்பக் கேட்பதை நிறுத்திவிட்டு, இழப்பதற்கு ஏதாவது ஒன்றை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் கிழவருக்குத் தன் அரிசியில் பாதியை அவன் கொடுத்தான் என்று வையுங்கள். அடுத்த வாரம் அந்தக் கிழவரின் மேல் திருட்டுப் பழி விழட்டும். அவன் எழுந்து நிற்கிறானா, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறானா என்பதில் அவனுடைய குறிக்கோள் தெரிந்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் அதை மதியுங்கள். படுத்துக்கொண்டதும் ஒரு முடிவுதான்.

ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தபோது குணம், கொள்கை, பிணைப்பு, குறை என்று நான்கு கட்டங்களைச் சேர்த்தார்கள். அவற்றை ஒட்டி நன்றாக நடித்தால் நடத்துபவர் ‘இன்ஸ்பிரேஷன்’ என்ற பகடைச் சலுகையைக் கொடுக்கலாம் என்பது விதி. கொடுக்க மறந்துவிடுகிறார் என்பது நடைமுறை. எங்கள் மேசையில் அந்தக் கட்டங்களைக் கடைசியாக யார் படித்தார்கள் என்றே எனக்கு நினைவில்லை. மின்வெட்டுக் காலத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடியபோது அந்தச் சின்ன எழுத்தை யாராலும் படிக்கவும் முடியவில்லை, ஆட்டமும் அதனால் கெட்டுப்போகவில்லை.

கணக்குப்பிள்ளை (டொங்காட்) எழுதியது:

நான் டொங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். பாட்டியின் பாட்டி காலத்திலிருந்து கரும்பு நடுவிலேயே இருந்த குடும்பம். அதனால் இந்த இழையில் எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக எடுத்துக்கொண்டு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றுப்பலகை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வெற்றுத் தாளோடு தொடங்கலாம், ஆனால் அந்தப் பழைய ஆட்டத்தில் வெற்றுத் தாள் செல்லுபடியானதற்கு அவரே காரணத்தையும் சொல்லிவிட்டார்: பொற்காசுக்குப் புள்ளி என்ற விதி எல்லாரையும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தோட்டத்து ஆட்டத்தில் அப்படி இழுப்பது எது? உம்லோட்டிக்கரை அதை வைக்கவே இல்லை. அடமான நிலத்தை மீட்பது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு எவ்வளவு பணம் வேண்டும், மாதம் எவ்வளவு வருகிறது என்பது யார் தாளிலும் இல்லை என்று ஊகிக்கிறேன். தொகை தெரியாத குறிக்கோளை நோக்கி ஒருவர் எப்படி ஒரு அடி எடுத்து வைப்பார்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டப்படி ஓர் ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம், ஐந்தாம் ஆண்டில் 14. ஒரு காசும் பிடிக்கப்படாமல், ஒரு காசும் செலவழிக்காமல் இருந்தால் ஐந்தாண்டில் 720 ஷில்லிங், அதாவது 36 பவுன். பெண்ணுக்குப் பாதிக் கூலி, ஆக 18 பவுன். அடமானக் கடன் 25 பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேசையில் ஒவ்வொரு ஷில்லிங்கும் பேசத் தொடங்கும். தங்கையைத் தேடுபவள், மேற்பார்வையாளரின் சமையல்காரனுக்குக் கையூட்டுக் கொடுக்க நான்கு ஷில்லிங் கடன் கேட்கிறாள். கொடுப்பதா? அடமான நிலத்தை மீட்க வந்தவர் காய்ச்சலில் விழுந்து வேலைக்குப் போகவில்லை, இரட்டைப் பிடித்தம். அந்தக் கிழவருக்காகச் சாட்சி சொல்லப் போனால் அதற்கும் ஒரு நாள் கூலி போகும். யாருக்கும் போகவர வழியில்லாத அந்தத் தோட்டத்திலேயே, ஒரு அமர்வுக்குப் பத்து முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். அவற்றின் விளைவைக் கணக்கேடு மறக்காது. நடத்துபவர் நினைத்தாலும் மழுப்ப முடியாது.

காலத்தைப் பற்றியும் ஒன்று. ஒவ்வொரு நாளாக ஆடினால் ஐந்தாண்டு ஒப்பந்தம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் முடியும். ஆர்தர் மன்னனின் வீரர்களாக ஆடும், கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ 1985இல் வந்தது. அதில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலக் கணக்கு. அந்தக் கணக்கில் நிலத்தின் விளைச்சல், கல்யாணம், பிள்ளைப்பேறு, மூப்பு எல்லாம் பார்க்கப்படும். ஆர்தர் மன்னன் இறுதியில் வீழ்வான் என்பது ஆடுபவர் எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஆடுகிறார்கள், ஏனென்றால் தம் வீரன் அந்த நாளில் எங்கே நிற்பான், அவன் மகன் எந்தக் கொடியின் கீழ் இருப்பான் என்பது யாருக்கும் தெரியாது. நீங்களும் ஓராண்டுக்கு ஓரிரு அமர்வுகள் என்று வைத்து, கரும்பு வெட்டு முடிந்ததும் ஆண்டுக் கணக்கு பாருங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் மறு ஒப்பந்தமா, வெளியே வந்து காய்கறி விற்பதா என்ற கேள்வி வரும். குடியேறிப் பத்தாண்டு ஆனதும், ஊருக்கு இலவசமாகக் கப்பலேறுவதா, அந்தப் பயணச் செலவுக்கு ஈடாக அரசாங்க நிலம் கேட்பதா என்ற பெரிய கேள்வி அந்தக் காலத்தில் இருந்தது. வட ஆர்க்காட்டு நிலத்துக்காகப் பத்தாண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர் முன் நேட்டாலில் ஒரு துண்டு நிலத்தை நீட்டிப் பாருங்கள். அவர் எழுதிய குறிக்கோள் அன்றைக்குத்தான் சோதனைக்கு வரும். அவருக்குப் பதிலாக நீங்கள் மட்டும் தீர்மானித்துவிடாதீர்கள்.

இப்போது தங்கை விஷயம். இதில்தான் பெரும்பாலான நடத்துபவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குறிக்கோளைத் தொலைவிலேயே வைத்திருந்தால் ஆட்டம் நீளும் என்று நினைத்து, தங்கையைக் காட்டாமலே இழுப்பார்கள். வந்து பார்த்தால் நேற்றுத்தான் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், அங்கே போனால் போன வாரம்தான் இறந்தாள் என்று முடிப்பார்கள். இது அந்தக் காவலரைவிடக் கொடுமை. அவள் நியாயமாக முயன்று பகடையும் கைகொடுத்தால் மூன்றாம் அமர்விலேயே தங்கையைக் கொடுத்துவிடுங்கள். கிடைத்த பிறகு பறிக்கவும் செய்யாதீர்கள். ஆனால் தங்கையும் ஒரு மனுஷி அல்லவா? அவளுக்கும் அந்தத் தோட்டத்தில் ஓராண்டு வாழ்க்கை நடந்திருக்கும். “அக்கா, நான் இங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டேன், வர மாட்டேன்” என்று அவள் சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி, ஒரு நிபந்தனையோடு: அதற்கான அறிகுறி முன்பே மேசையில் விழுந்திருக்க வேண்டும், அக்கா அதற்கு மறுமொழி சொல்லவும், கெஞ்சவும், சண்டை போடவும், மனத்தை மாற்றவும் உண்மையான இடம் இருக்க வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் கடைசி நொடியில் வந்து விழுந்தால், அதை நடத்துபவரின் சூழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொள்வாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

‘பர்னிங் வீல்’ ஆட்டத்தைப் பெரியவர் குறிப்பிட்டார். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொதுவாக மூன்று நம்பிக்கைகள் எழுத வேண்டும். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம், ஒவ்வொன்றிலும் மனத்தில் இருக்கும் எண்ணத்தையும் அதற்காக அடுத்துச் செய்யப்போகும் காரியத்தையும் சேர்த்து எழுதச் சொல்வது. ‘தங்கையை விட்டு நான் மட்டும் ஊர் திரும்ப மாட்டேன், இந்த மாதத்துக்குள் அவள் இருக்கும் தோட்டத்தின் பெயரைத் தெரிந்துகொள்வேன்.’ இப்படி எழுதினால் நடத்துபவருக்கும் அடுத்த வாரம் எதைத் தயார் செய்வது என்று தெரியும். காரியம் முடிந்தால் அவளே மாற்றி எழுதிக்கொள்வாள். நம்பிக்கைக்காகப் பாடுபட்டால் அந்த ஆட்டத்தில் வெகுமதிப் புள்ளி உண்டு. மனம் குமுறி அதற்கு எதிராக நடந்தாலும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ஆட்டம் நன்றாகப் போனால் காந்தி தலைமையில் இந்தியத் தொழிலாளர் நடத்திய 1913 வேலைநிறுத்தம் வரையில் அடுத்த தலைமுறையைக் கொண்டுபோகலாமா என்று யாராவது கேட்பார்கள். கொண்டுபோங்கள். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மேல் 1895ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த 3 பவுன் தலைவரி 1914இல் நீக்கப்பட்டது என்ற முடிவு எல்லாருக்கும் தெரிந்ததே. மண்வெட்டியைக் கீழே போடும் முதல் ஆள் உங்கள் மேசையில் யார் என்பது தெரியாது. காந்தி மட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு மேசையில் அவரை நடத்துபவரே ஆடினார். ஆடுபவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உரை கேட்டார்கள்.

உம்லோட்டிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்கா போட்ட கூலிக் கணக்கை அச்சிட்டு மேசையில் வைத்துவிட்டேன். பார்த்ததுமே அடமான நிலத்தை மீட்க வந்தவரை ஆடுபவர், “25 பவுன் என்றால் நான் எதையும் குடிக்கக் கூடாது, யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது” என்று தானே பேசத் தொடங்கிவிட்டார். தங்கையைத் தேடுபவளிடம், இனி ஒவ்வொரு வழிக்கும் விலையை முதலில் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். குறிப்பேட்டையும் திறந்தே வைக்கச் சொன்னாள். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் பேச்சு நடக்கிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். சர்தார் பாத்திரத்தை ஆடும் அத்தை மகன், மேற்பார்வையாளரின் நம்பிக்கையைக் காப்பாற்றுவதே தன் குறிக்கோள் என்று எழுதியிருக்கிறான். அவன் முடிவை மதிக்க வேண்டுமென்றால், மற்ற மூவரையும் அவன் காட்டிக்கொடுப்பதையும் மதித்தாக வேண்டும். அது நடந்தால் அத்தை வீட்டில் சாப்பாடே நின்றுவிடும்.

பழம்பகடை எழுதியது:

சர்தாருக்கு நீங்கள் தடை போட வேண்டியதில்லை, தம்பி. அவர் காட்டிக்கொடுப்பது மேசையில் எல்லாரும் பார்க்க நடக்க வேண்டும் என்பது மட்டும் போதும். ஆடுபவரைத் தனியே அடுக்களைக்கு அழைத்துக்கொண்டு போய்க் காதில் பேசுவதை நிறுத்திவிடுங்கள். சர்தார் மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசும் காட்சியை மற்ற மூவரும் உட்கார்ந்து கேட்கட்டும். அவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய பாத்திரங்களுக்குத் தெரியாது. அப்போது அது நால்வரும் சேர்ந்து ஆக்கும் கதையாகிவிடுகிறது. ஒளித்துச் செய்தால்தான் உறவுக்காரரை உறவுக்காரர் ஏமாற்றியதாக முடியும்.

அதோடு, ‘ஃபேட்’ ஆட்டத்தில் உள்ள ஓர் ஏற்பாட்டை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் இயல்பை வைத்து நடத்துபவர் ஒரு சிக்கலை முன்மொழிவார். ஏற்றுக்கொண்டால் ஆடுபவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும், மறுத்தால் தன்னிடமிருந்து ஒரு புள்ளியைக் கொடுக்க வேண்டும். “மேற்பார்வையாளர் உன்னை அழைத்து, நேற்று இரவு வரிசையில் யார் குறைந்தார்கள் என்று கேட்கிறார். நீ சொல்லிவிடுகிறாய், சரிதானே?” என்று, புள்ளிக்கு அடையாளமாக ஒரு காசை அவன் முன்னால் தள்ளுங்கள். அவன் எடுத்துக்கொண்டால் ஆற்றுக்குப் போனவள் மாட்டினாள், இந்த முறை உங்கள் குறிப்பேட்டால் இல்லை. தன் காசைத் திருப்பித் தள்ளினால் சர்தார் முதலாளியிடம் முதன்முறையாகப் பொய் சொல்லியிருக்கிறார். அதற்கு அவரும் விலை கொடுத்தாக வேண்டும். மேற்பார்வையாளரின் சந்தேகத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, ஆறு துண்டாகப் பிரித்து, ஒன்றை நிரப்பி, சந்தேகம் வளர வளர மற்றவையும் நிரம்புவதை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

கூலிக் கணக்கேட்டையும் நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சர்தாரை ஆடுபவரிடமே கொடுத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று அவனே வாய்விட்டுப் படித்துவிட்டு எழுதட்டும்.